எந்தப் பிள்ளை?

பூனைக்குப் பரசிட்டமோல் விஷம். அரைக் குளிசை போதும், ஆளை முடித்துவிடும். இதை எனக்குப் படிக்கிற காலத்திலேயே சொல்லித் தந்தார்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் வந்த எல்லோருக்கும் சொன்னேன். என் முன்னறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தேன். கண்ணாடி கொண்டுவர மறந்தவர்களுக்கு எழுந்துபோய் வாசித்தும் காட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பூனைக்குப் பரசிட்டமோல் கொடுக்கச் சொன்னேன். தொலைபேசியில் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பூனை செத்துப்போனது. அதற்குப் பிறகு நான் செய்த காரியம் அதைவிடக் கேவலம். இரண்டையும் எழுதிவிட வேண்டும் என்று இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

போரின் கடைசி இரண்டு மூன்று வருடங்கள் அவை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை வீடு எடுத்து, அதன் முன்னறையை மிருக வைத்தியசாலை ஆக்கியிருந்தேன். ஒரு மேசை, ஒரு தராசு, நாய்க்காரர்கள் உட்கார ஒரு வாங்கு, பூனைக்காரர்களுக்கு இன்னொன்று. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அந்த நாட்களில் கொழும்பில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கறுவாத் தோட்டத்துப் பணக்கார நாய் ஒன்றுக்கு ஊசி போடப் போனால்கூட, போகும்போது இரண்டு இடத்தில், வரும்போது மூன்று இடத்தில் நான் யார் என்று விளக்கம் சொல்ல வேண்டும்.

மிருகங்களைக் கொண்டுவருகிறவர்களின் பாடும் அதுதான். நாயோடு சோதனைச் சாவடியில் நிற்பது பரவாயில்லை, நாய் கண்ணுக்குத் தெரிகிறது. மூடிய கூடைக்குள் ஏதோ அசைந்தால்தான் வில்லங்கம். தெஹிவளையிலிருந்து ஒருவர் கிளிக்கூட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஆமிக்காரன் துணியை எடுக்கச் சொன்னான். எடுத்ததும் கிளி, பழக்கிவைத்தபடி, உரத்த குரலில் ‘வணக்கம்’ சொன்னது. அந்த மனிதர் என் வாங்கில் வந்து உட்கார்ந்தபோது முதலில் அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தேன். கிளிக்கு ஒன்றும் இல்லை.

பிறகு அவர் வரவில்லை, தொலைபேசியில் கேட்டார். இன்னொருவரும் அப்படியே கேட்டார். அதற்குப் பிறகு கமரா வந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருந்தபடியால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் கொம்பியூட்டரும் கமராவும் இருந்தன. இல்லாதவர்களுக்குச் சந்திக்குச் சந்தி ‘கொமினிகேஷன்’ கடை இருந்தது. பிள்ளையோடு கதைக்க வாங்கிய கமராவுக்கு முன்னால் நாயின் காதைப் பிடித்துக் காட்டினார்கள். நான் இங்கே இருந்து பார்த்து, மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டு போய்ப் பாமஸியில் வாங்கினார்கள். இன்றைக்கு இதை ஒன்லைன் அப்பொயின்ற்மென்ற் என்று அழகாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு இதற்குப் பெயர் கிடையாது.

ஆபத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கு அது சுகமாக இருந்தது. மேலே டொக்டர் சட்டை, கமராவுக்குத் தெரியாத இடத்தில் வீட்டுப் பாவாடை, பக்கத்தில் பிளேன்ரீ. கடி இல்லை, கீறல் இல்லை, தரையைக் கழுவத் தேவையில்லை. போதாக்குறைக்கு, மிருகத்தைக் காட்டி முடித்தவர்கள் அப்படியே தங்கள் முழங்கால் வலியையும் மாமியாரின் பிரஷரையும் கேட்டார்கள். ‘மிருக டொக்டரும் டொக்டர்தானே’ என்றார்கள். நானும் வஞ்சகமில்லாமல் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். நாலுபேர் ‘டொக்டர், டொக்டர்’ என்று கூப்பிட்டால் தலையில் ஒரு கனம் ஏறும். எனக்கும் ஏறியிருந்தது.

கொட்டாஞ்சேனை அன்ரி இப்படித்தான் என் கமராவுக்குள் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்து, கொழும்பின் வடக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையோடு ஒட்டிப்போன, யேசுவைக் கும்பிடும் வேதக்காரப் பெண். கணவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து காலமாகிவிட்டார். ஒரே மகன். அவனை, இங்கே வைத்திருந்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். அவன் போய்ச் சேர்ந்த நாட்டில் அகதி வழக்கு முடியாமல் ஒரு முகாமில் இருந்தான். அங்கே வாரத்துக்கு ஒருநாள் கொம்பியூட்டர் பாவிக்க விடுவார்கள்.

அந்த ஒருநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அன்ரி சந்தைக் கூடைக்குள் பூனையை வைத்து, மேலே சீலைத் துண்டு ஒன்றைக் கட்டி, தெருமுனைக் கொமினிகேஷனுக்குக் கொண்டுபோவார். மகன் முதலில் பூனையைத்தான் பார்ப்பான். ‘பெத்தவளைப் பிறகுதான் பாப்பான் டொக்டர்’ என்று அன்ரி குறை சொல்வதுபோலப் பெருமைப்படுவார். பூனை அவனுடையது. பன்னிரண்டு வயதில் கோயில் மதிலடியில் கண்டெடுத்து, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து வளர்த்தது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி வரியாக இருந்தபடியால், சின்னப் பெடியனுக்கு வரக்கூடிய முதல் பெயரை வைத்துவிட்டான். புலி.

பத்து வருடம் அந்தப் பெயர் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. அன்ரி பின்னேரங்களில் மேல்மாடிப் படியில் நின்று ‘புலி, புலி, வா சாப்பிட’ என்று கூப்பிட, அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டிருக்கிறார்கள். போர் முற்றிய பிறகு அப்படிக் கூப்பிட முடியுமா?

பூனைக்கு ஒருதரம் சொறி வந்தபோது மகன்தான் யாரிடமோ விசாரித்து என்னைப் பிடித்தான். என் பெயரைத் தன் மெசெஞ்சரில் சேர்த்தான், அம்மாவின் கணக்கிலும் சேர்த்தான். அன்ரிக்குத் தட்டச்சு தெரியாது, கடைக்காரர்தான் திறந்து கொடுப்பார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் என் திரையில் இரண்டு பச்சை விளக்குகள் எரியும். ஒன்று தாய், மற்றது மகன். நான் இருவருக்கும் பொதுவான ஆளாகிவிட்டேன். சொறி மாறிய பிறகும் அவன் ‘டொக்டர், புலி மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு’ என்று எழுதுவான். மெலியவில்லை, படம்தான் இழுபடுகிறது என்று நான் எழுதுவேன்.

ஒரு சனிக்கிழமை அன்ரி கமரா முன்னால் வந்து உட்கார்ந்ததும், எனக்குக் கேட்காதோ என்ற எண்ணத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“டொக்டர், புலி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை!”

பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றது எனக்கே கேட்டது. கடைக்காரர் நல்ல மனிதர். ரேடியோவைக் கூட்டிவிட்டார். வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவுக்குள் இருந்த நான் எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

“அன்ரி, உந்தப் பேரை விடுங்கோ. போனிலையும் சொல்லாதேங்கோ, கடையிலையும் சொல்லாதேங்கோ.”

அன்ரிக்கு அப்போதுதான் விளங்கியது. குரலைத் தாழ்த்தி, “அப்ப பூனை எண்டு சொல்லட்டோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை வாசிக்கிறவர்கள் மறக்க வேண்டாம். நான் மறந்த மாதிரி நடித்தேன்.

“பூனையும் வேண்டாம்,” என்றேன். “கிழமைக்குக் கிழமை ஒரு மனிசி வந்து வெளிநாட்டோடை பூனை, பூனை எண்டு கதைச்சா என்ன நினைப்பினம்? புலிக்குப் பதிலாத்தான் பூனை எண்டு சொல்லுறா எண்டு நினைப்பினம். பிள்ளை எண்டு சொல்லுங்கோ. பிள்ளை எண்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்.”

சொன்னதும் எனக்கே என் கெட்டித்தனத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. உண்மையான பூனையைப் பூனை என்று சொன்னால் சங்கேதச் சொல் என்று நினைப்பார்கள், ஆகவே சங்கேதச் சொல்லாக ‘பிள்ளை’ என்று சொல்லுங்கள் என்று ஒரு படித்த மனிசி புத்தி சொல்கிறாள். பயம் ஆட்களை இந்தளவுக்குக் கெட்டிக்காரர் ஆக்கும். அன்ரி ஓம் என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. பிள்ளை சாப்பிட்டது, பிள்ளை வெளியே போயிட்டு வந்தது, பிள்ளைக்குக் காதுக்குள் கடி, ஒரே சொறிச்சல். மகனும் பிள்ளை என்றே எழுதத் தொடங்கினான்.

இங்கே இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். அன்ரியின் மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போவதால், அவர்களின் மூன்று வயதுப் பெண்குழந்தையைப் பகலில் அன்ரிதான் பார்த்தார். சிலவேளை அதுவும் கமராவுக்குள் வந்து எனக்குக் கை காட்டும். அதற்கு இருமல் வந்தபோது அன்ரி என்னைக் கேட்டார். நானும் சொன்னேன். குழந்தைகளுக்கு மருந்து சொல்லும் வேலை என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தலைக்கனம் பற்றி முன்பே சொன்னேன்.

கடைசிச் சனிக்கிழமை, பூனை எங்கேயோ சண்டை பிடித்து முதுகில் கடி வாங்கி வந்திருந்தது. கமராவில் வீக்கம் தெரிந்ததா என்றால், தெரிந்தது என்று சொன்னேன். உண்மையில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, எல்லாம் ஒரே மண்ணிறமாக இருந்தது. பல் முரசின் நிறம் என்ன என்று கேட்டேன், சிவப்பு என்றார் அன்ரி. உடம்பு சுடுகிறதா என்றேன், சுடுகிறது என்றார்.

“கொண்டு வரட்டோ டொக்டர்? ஓட்டோ பிடிச்சா வரலாம்.”

“வேண்டாம் அன்ரி. வழியிலை நிப்பாட்டி, கூடையைக் கிளறி, உங்களுக்கும் அலைச்சல், அதுக்கும் அலைச்சல். மருந்து சொல்லுறன், எழுதுங்கோ.”

அன்ரி எழுதினார். அவர் எழுதும்போது மகன் எனக்குத் தனியாக எழுதினான்: ‘டொக்டர், பிள்ளை சுகமாகுமா? வழக்கு முடிஞ்சா அம்மாவையும் அதையும் சேர்த்துத்தான் கூப்பிடுவன்.’ அங்கே அவனுக்கு வீடு இல்லை, வேலை இல்லை, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. தன்னுடையது என்று சொல்ல அவனுக்கு இருந்தவை இரண்டு, இரண்டும் கொட்டாஞ்சேனையில் இருந்தன. ஒன்றுமில்லாத காய்ச்சல், நாலு நாளில் ஓடித் திரியும் என்று எழுதினேன். அந்த மருந்து சரியான மருந்து. அதில் நான் பிழை விடவில்லை.

பிழை செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது. நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வெயிலில் வரிசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கையில் அடையாள அட்டை. எனக்கு முன்னால் நாலுபேர் நிற்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. அன்ரியின் இலக்கம். எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார், எடுத்தால் தமிழில் கதைக்க வேண்டும். எடுத்தேன்.

“டொக்டர், பிள்ளைக்குக் காய்ச்சல் விடேல்லை. நெருப்பாக் கொதிக்குது. என்ன குடுக்க?”

சோதிக்கிற பெண் பொலிஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“பரசிட்டமோல் கால்வாசி குடுங்கோ. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பிறகு கதைக்கிறன்.”

“கால்வாசிதானே டொக்டர்?”

“ஓம், ஓம்.”

தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டேன். அடையாள அட்டையை நீட்டினேன். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சிங்களத்தில் சொன்னேன். பையைத் திறந்து பார்த்தாள். விட்டாள். மறுபடி பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மேல்மாடிக் குழந்தையைத்தான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனாலும் இந்தச் சத்தியத்தை நான் முழுக்க நம்புவதில்லை. ஏனென்றால் ‘எந்தப் பிள்ளை?’ என்ற இரண்டு சொல் என் வாய்வரை வந்தது. அது எனக்கு நல்ல ஞாபகம். அந்தப் பொலிஸ்காரியின் முன்னால் ‘எந்தப் பிள்ளை, பூனையா குழந்தையா?’ என்று கேட்டால் கதை நீளும், நீண்டால் என்ன கதைக்கிறாய் என்று கேட்பாள் என்று பயந்து விழுங்கிவிட்டேன். வேண்டுமானால் பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்டிருக்கலாம். பின்னேரம் கேட்டிருக்கலாம். ‘பிறகு கதைக்கிறன்’ என்று சொன்னது நான்தான். கதைக்கவில்லை. மறந்துபோனேன்.

புதன்கிழமை காலை கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா கடையில் இருக்கிறா, கமராவைப் போடுங்கள் என்றார். போட்டேன். அன்ரி கூடையை மடியில் வைத்திருந்தார். பூனையின் முகம் பலாக்கொட்டை போலப் பொத்தென்று வீங்கியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அந்த உடைந்த படத்திலும் அதைப் பார்க்க முடிந்தது.

“டொக்டர், நீங்கள் சொன்ன மாதிரியே மூண்டு தரம் குடுத்தனான். விழுங்க மாட்டன் எண்டது. பாலுக்குள்ளை கரைச்சு, வாயைப் பிடிச்சுத் திறந்து குடுத்தனான். குடுக்கக் குடுக்கக் கூடுது.”

“என்னத்தைக் குடுத்தனீங்கள்?”

“பரசிட்டமோல்.”

பிறகு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இருந்த மருந்துகளைப் பைக்குள் அள்ளிப்போட்டுக்கொண்டு மருதானை வழியாக ஓட்டோவில் போனேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். பை நிறைய ஊசியும் மருந்தும். மிருக டொக்டர் என்று சொன்னேன், அட்டையைக் காட்டினேன், விட்டார்கள். ஒரு ஆமிக்காரன் தன் ஊர் வீட்டு நாய்க்குச் சொறி என்று மருந்துகூடக் கேட்டான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை. இவ்வளவுதான் அந்தத் தூரம். இதைத்தான் நான் மாதக்கணக்காகப் போக முடியாத தூரம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்ரியின் வீட்டில், யேசுவின் படத்துக்குக் கீழே, மகனின் பழைய பள்ளிக்கூடச் சட்டையை விரித்து அதன்மேல் பூனையைக் கிடத்தியிருந்தார்கள். உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தேன். கோப்பியின் நிறம். அந்த விஷத்துக்கு முறிப்பு மருந்து இருக்கிறது, என் பையில் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் நேரம் கடந்துவிட்டது. நான் ஊசியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு தரம் உடம்பை நீட்டிவிட்டு அடங்கிப்போனது. மேல்மாடிக் குழந்தை கதவடியில் நின்று பார்த்தது. அதற்கு ஒரு காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை, கையில் பிஸ்கட் இருந்தது.

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. ஏன் என்று விளங்காமல் பார்த்தார். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். என் பிழை அன்ரி, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது:

“பூனை எண்டு சொல்லியிருக்கலாமே அன்ரி. பிள்ளை எண்டபடியாத்தான் நான்...”

சொல்லி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.  பூனை என்று சொல்லட்டோ என்று அன்ரி கேட்டதையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் இப்போது எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் கும்பிட்டிருப்பேன்.

“ஓம் டொக்டர்,” என்றார். “என்ரை பிழைதான்.”

பிறகு எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அதை நான் குடித்தேன். 

அடுத்த சனிக்கிழமை அன்ரி கூடை இல்லாமல் கடைக்குப் போனார். மகனிடம் தானே சொல்லியிருக்கிறார், கடைக்காரர்தான் எனக்குப் பிறகு சொன்னார்: ‘நான் விளங்காமல் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன், செத்துப்போச்சு.’ என் பெயரை எடுக்கவே இல்லை. அவன் உடனே கமராவை நிறுத்திவிட்டானாம். அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வந்தான், ஆனால் தாயோடு கதைக்கவில்லை. மூன்றாம், நாலாம் சனிக்கிழமைகளிலும் கதைக்கவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அன்ரியின் பச்சை விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அவனுடையதும் எரியும். இருவரும் இருக்கிறார்கள். தாய் கடையின் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மகன் எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் தாயின் விளக்கு அணையும். அணைந்த பிறகு அவனுடையதும் அணையும். தாய் போகும்வரை அவனும் அங்கேயே இருந்திருக்கிறான். இரண்டு விளக்கையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

அவனுக்கு எழுதினேன். ‘தம்பி, அம்மாவில் பிழை இல்லை, குளிசையைச் சொன்னது நான்’ என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். அவன் யாரிடமாவது சொல்வான், வெள்ளவத்தை முழுக்கப் பரவும், சுவரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டிவைத்த டொக்டரே பூனைக்குப் பரசிட்டமோல் கொடுத்தவள் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். அழித்தேன். மூன்று சனிக்கிழமை எழுதினேன், மூன்று சனிக்கிழமையும் அழித்தேன். வாரம் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகக் காத்திருக்கிற மனிசியிடமிருந்து நான் அதை எடுத்து, என் வாங்குகள் இரண்டும் வெறுமையாகாமல் இருக்கப் பாவித்தேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

ஐந்தாம் சனிக்கிழமை அவன் தானாகவே எடுத்தான். கோபம் ஆறியிருக்கும், அல்லது தாயைப் பார்க்காமல் இருக்க முடியாமல் போயிருக்கும். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

கமராவில் மருந்து சொல்வதை நான் ஒரு வருடம் விட்டிருந்தேன். பிறகு போர் முடிந்தது, சாவடிகள் எடுபட்டன. அன்ரி இன்னொரு பூனை வளர்த்தார், அது செத்த பிறகு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்தார். எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் எப்போது தொலைபேசி எடுத்தாலும் சுகம் விசாரிக்க முதலே இப்படித்தான் தொடங்குவார்: “டொக்டர், இது பூனைக்கு. மனுசருக்கு இல்லை, பூனைக்கு.” இவ்வளவு வருடத்தில் ஒருதரமாவது சொல்லாமல் விட்டதில்லை. ஒவ்வொரு தரமும் நான் “ஓம் அன்ரி, விளங்குது” என்று மட்டும் சொன்னேன்.

போன வருடம் மகன் விடுமுறையில் வந்திருந்தான். வழக்கெல்லாம் எப்போதோ முடிந்து, அந்த நாட்டுக்காரனாகி, தலையில் நரையும் வந்துவிட்டது. அன்ரிக்கு இப்போது நடக்க முடியாது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து மகனின் தொலைபேசியில் வீடியோ எடுத்தார்கள். இப்போதைய படம் கண்ணாடி மாதிரி. பூனையின் ஒவ்வொரு மீசை மயிரும் தெரிந்தது, வலது கண்ணில் பீளை தெரிந்தது. அன்ரி அதை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போலத் தொடங்கினார்.

“டொக்டர், இது பூனைக்கு. பூனைக்குத்தான் கேக்கிறன்.”

மகன் சிரித்தான். “அம்மா, டொக்டர் பூனையைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா.”

“பாத்தாலும் சொல்லோணும் தம்பி. அண்டைக்கு நான் ஒழுங்காச் சொல்லாததாலைதானே புலி போனது.”

அவன் சிரிப்பு நின்றது. அந்தப் பெயரை அன்ரி சத்தமாகச் சொன்னதை நான் அத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்டேன். யன்னலைச் சாத்த எழும்பவில்லை.

“அன்ரி,” என்றேன். “நீங்கள் கேட்டனீங்கள். பூனை எண்டு சொல்லட்டோ எண்டு கேட்டனீங்கள். நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான். குளிசையைச் சொன்னதும் நான்தான். எந்தப் பிள்ளை எண்டு நான் கேக்கேல்லை. தம்பி, அம்மாவிலை ஒரு பிழையும் இல்லை.”

மகன் என்னைப் பார்த்தான், பிறகு தாயைப் பார்த்தான். அன்ரி பூனையின் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“அது எனக்குத் தெரியும்தானே டொக்டர்.”

“தெரியுமெண்டால் ஏன் அன்ரி...”

“இவனுக்கு அப்ப சொல்லியிருந்தா உங்களோடை சண்டைக்கு வந்திருப்பான். உங்களோடை கதைக்கவும் என்னை விட்டிருக்க மாட்டான். நீங்களும் வெக்கத்திலை என்ரை போனை எடுத்திருக்க மாட்டீங்கள். பிறகு நான் ஆரிட்டைக் கேக்கிறது? அந்த நேரம் தமிழிலை கேக்கிறதுக்கு எனக்கு வேறை ஆர் இருந்தது?”

அவர் சொன்ன மூன்றும் உண்மை. மூன்றாவதில் வருகிற ஆள், போனை எடுக்காமல் ஒளிந்திருக்கக்கூடிய ஆள், அப்படியே திரையின் இந்தப் பக்கம் இருந்தாள். மகன் தாயின் தோளில் கையை வைத்தான். நான் அழுதேன். அழுவது நன்றாகத் தெரியும் அளவுக்குப் படம் துல்லியம்.

 அன்ரி கொப்பியையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

“சரி, இப்ப சொல்லுங்கோ. எத்தனை துளி விடுறது? பூனைக்கு.”